சனிக்கிழமைக் கோட்டு

பள்ளிக்கூட மண்டபத்தில் வித்தைக்காரர் அந்தச் சாம்பல் நிறக் கோட்டில் இரண்டாவது கையை நுழைத்துக்கொண்டிருந்தபோதுதான் சலவைக்கடைக்காரர் அதன் பொத்தானைப் பார்த்தார்.

மேலிருந்து இரண்டாவது பொத்தான். மற்றதெல்லாம் கறுப்பு நூல், அது மட்டும் பழுப்பு. கறுப்பு நூல் தீர்ந்துபோன அன்று அவரே தைத்தது. சந்தேகத்துக்கே இடமில்லை. குடியிருப்புச் சங்கத் தலைவருடைய கோட்டு. சனிக்கிழமை எனக்கு அது வேணும், தவறக்கூடாது என்று விரலை நீட்டிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இன்று சனிக்கிழமை.

எல்லாம் ஊசியால் வந்த வினை. ஊசி என்பது தையல்காரருக்கு இவர் வைத்த பேர். நாற்பது வருஷச் சிநேகம். பள்ளிக்கூட மண்டபத்தில் தர்மத்துக்காகத் துணி மாற்றுகிறார்கள், ஒரு துணி கொடுத்தால் ஒரு சீட்டு, அந்தச் சீட்டுக்கு வேறு துணி எடுத்துக்கொள்ளலாம், மிச்சமெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போகும் என்று ஒரு வாரமாகக் காதைக் குடைந்தான். உன் கடையில் கேட்பாரில்லாமல் வருஷக்கணக்காகக் கிடக்கிற துணியைக் கொண்டு வா, புண்ணியத்துக்குப் புண்ணியம், இடத்துக்கு இடம் என்றான்.

தர்மம் என்று எவன் சொன்னாலும் முதலில் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிற ஆள் சலவைக்கடைக்காரர். இந்தத் தடவை இடத்துக்கு ஆசைப்பட்டுவிட்டார். அடுத்தவர் துணியைத் தொடாதீர்கள் என்று மனைவி தடுத்துப் பார்த்தாள். அதனால் அவளுக்குத் தெரியாமல் விடியற்காலையில் விளக்குப் போடாமல் மூட்டை கட்டினார். அடையாளச் சீட்டையெல்லாம் பிய்த்து எறிந்தார். அந்த இருட்டில்தான் ஆணியில் தொங்கிய தலைவர் கோட்டும் மூட்டைக்குள் போயிருக்க வேண்டும். வேறெப்படிப் போகும்?

தலைவர் லேசுப்பட்டவர் இல்லை. பால் பத்து நிமிஷம் தாமதமானதற்குப் பால்காரரை வாசல் கேட்டோடு நிறுத்தியவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் எண்பது வீட்டுத் துணி அடுத்த தெருக் கடைக்குப் போய்விடும். எண்பது வீடு போனால் கடையில் மிஞ்சுவது அவரும் இஸ்திரிப் பெட்டியும்தான்.

உண்மையைச் சொல்லிக் கேட்கலாம் என்றால், மண்டபத்தில் பாதிப் பேர் வாடிக்கைக்காரர்கள். வாடிக்கைத் துணியைத் தானம் கொடுக்கிறான் என்று வாசலைத் தாண்டும் முன் ஊரெல்லாம் பரவிவிடும். பொய்தான் சொல்ல வேண்டும். அவசரத்தில் கைக்குக் கிடைத்த பொய்யைச் சொன்னார்.

"அண்ணே, அந்தக் கோட்டு உங்களுக்கு வேண்டாம். அதைப் போட்டிருந்தவருக்குச் சொறி."

"இருக்கட்டும். ரெண்டு நாள் வெயில்ல போட்டா சரியாயிடும்" என்றார் வித்தைக்காரர். குழந்தைகள் பிறந்தநாளில் வித்தை காட்டுகிறவர். சொந்தக் கோட்டு கிழிந்துபோன ஆறு மாதமாக அவரை யாரும் கூப்பிடவில்லையாம். சொறிக்கெல்லாம் அவர் பயப்படுகிற நிலையில் இல்லை.

பயந்தது சீட்டுக் கொடுக்கும் டீச்சரம்மா. அந்த ஒரு சொல் அவர் காதில் விழுந்துவிட்டது. கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். யார் கொண்டுவந்த மூட்டை, எந்த மேசையில் வைத்தது, பக்கத்தில் என்னென்ன துணி இருந்தது என்று விசாரணை ஆரம்பித்தது. கேட்டவர்கள் எடுத்த துணியைப் போட்டது போட்டபடி கை கழுவ ஓடினார்கள். ஐந்து நிமிஷத்தில் மண்டபம் பாதி காலி. தலைவர் கோட்டு ஒரு கறுப்புச் சாக்குக்குள் போனது. சாக்கை எரிக்கச் சொல்லியாயிற்று.

"அம்மா, எரிக்காதீங்க. சொறியெல்லாம் இல்லை" என்றார் சலவைக்கடைக்காரர்.

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"கோட்டு எனக்குப் பிடிச்சிருந்தது. அதான்."

டீச்சரம்மா அவரை மேலிருந்து கீழே பார்த்தார். "உங்களுக்கு வயசு என்ன?"

அவர் சொன்னார். சொல்லாமலே இருந்திருக்கலாம். கை கழுவிவிட்டு வந்த வாடிக்கைக்காரர்கள் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்பது வருஷமாகச் சேர்த்த பேர் அந்த இடத்திலேயே உருவிக்கொண்டு போனது. சீட்டுக் கொடுத்தவருக்குத்தான் துணி என்று டீச்சரம்மா கோட்டை வித்தைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தார்.

இனிக் காலில் விழுவதுதான் பாக்கி. விழலாம் என்று தேடினால் வித்தைக்காரரைக் காணவில்லை. கடைசியில் மண்டபத்து மூலையில் கிடைத்தார். அங்கே ஊசி தன் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, எடுத்த துணியை இலவசமாகச் சரிசெய்து கொடுத்துக்கொண்டிருந்தான். மிஷின் மேல் கோட்டு. கீழே தரையில் இரண்டு அங்குலத் துண்டு இரண்டு கிடந்தது.

"யோவ், என்னய்யா பண்ணினே?"

"கை நீளமா இருக்குன்னார். வெட்டிட்டேன்."

சலவைக்கடைக்காரர் அவன் காதில் விஷயத்தைச் சொன்னார். ஊசி கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். ஒரு துண்டை எடுத்து அளந்து பார்த்தான்.

"ரெண்டு அங்குலம்தானே. தலைவர் கையைக் கட்டிக்கிட்டு நின்னா தெரியாது" என்றான்.

இரண்டு பேர் முகமும் போன போக்கைப் பார்த்ததும் வித்தைக்காரருக்குக் கோட்டின் மதிப்பு விளங்கிவிட்டது. சீட்டு வேண்டாம் என்றார். பதிலுக்கு வேறு கோட்டும் வேண்டாம் என்றார். கடைசியில் சலவைக்கடைக்காரர் போட்டிருந்த சட்டை, செருப்பு, அதோடு ஆயுள் முழுக்க இலவச இஸ்திரி என்று பேச்சு முடிந்தது.

"யார் ஆயுசு? என்னுதா, உங்களுதா?"

"எது நீளமோ அது" என்றார் வித்தைக்காரர். அவ்வளவு சொல்லியும், கோட்டை மிஷின் மேலிருந்து எடுத்துக் கொடுக்கும்போது ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டுத்தான் கொடுத்தார். அதைச் சலவைக்கடைக்காரர் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

ஊசி வெட்டிய துண்டுகளைத் திரும்ப ஒட்டவைத்துத் தைத்தான். இரண்டு கையிலும் மணிக்கட்டுக்கு மேல் வடு மாதிரி ஒரு கோடு. இஸ்திரி போட்டால் மறையுமா என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு இந்த உலகத்தில் பதில் தெரிந்த ஒரே ஆள் சலவைக்கடைக்காரர்தான். மறையாது.

தெருவில் குளிர் காற்று. கையில் கோட்டு இருந்தும் அவர் போட்டுக்கொள்ளவில்லை. வாடிக்கைத் துணியை உடம்பில் போடுவதில்லை என்பது நாற்பது வருஷ வைராக்கியம். அது ஒன்றுதான் மிச்சம், அதையும் விட மனசு வரவில்லை. பனியனோடு, வெறுங்காலோடு நடந்தார். குடியிருப்பு வாசல்வரை வந்த ஊசிக்கு அங்கே திடீரென்று அவசர வேலை வந்துவிட்டது.

தலைவர் கதவைத் திறந்தார். பனியனைப் பார்த்தார், காலைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். அந்தப் பார்வை தாங்காமல் சலவைக்கடைக்காரர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மனைவிக்குத் தெரியாமல் மூட்டை கட்டியது, அடையாளச் சீட்டைப் பிய்த்தது, சொறி, கத்தரிக்கோல், ஒன்று விடவில்லை. எண்பது வீட்டுத் துணியையும் நாளைக்கே அடுத்த தெருவுக்கு மாற்றினாலும் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை, ஐயா, என்று தலையைக் குனிந்துகொண்டார்.

தலைவர் கோட்டை வாங்கவே இல்லை.

"துவைச்சு இஸ்திரி போட்டாத்தான் அந்த மண்டபத்துல வாங்கிக்குவாங்கன்னுதானேய்யா உன்கிட்டே போட்டேன், காலைல உன் வீட்டுக்காரம்மாகிட்டே வாங்கி, நானே கொண்டுபோய்த் தர்மத்துக்குக் குடுத்துட்டு வந்த கோட்டை ஏன்யா மறுபடி தூக்கிட்டு வந்து நிக்கறே?"