கரடி வரிசையில் நின்ற இருபத்தொரு நாள்

ஒரு காட்டில் சடைச்சி என்றொரு கரடி இருந்தாள். நல்லவள்தான், ஆனால் இலுப்பைப்பூப் பைத்தியம். விடிந்ததும் மரத்தடியில் ஊறிப் புளித்துக் கிடக்கும் பூவை வயிறு முட்டத் தின்பாள். அப்புறம் மரத்தைப் பார்த்தே, "அண்ணே, கொஞ்சம் வழி விடுங்க" என்பாள்.

ஒருநாள் முதுகில் இரண்டு குட்டிகளோடு ஓடைக்குள் விழுந்தாள். அன்றிலிருந்து குட்டிகள் முதுகில் ஏறவே இல்லை.

"நாங்க நடந்தே வர்றோம், ஆளை விடும்மா" என்றது பெரியது. சின்னதோ பன்றிச் சித்தியின் வாலைப் பிடித்துக்கொண்டு நடந்தது.

அதுதான் சடைச்சிக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாளே ஆலமரத்தடி முகாமுக்குப் போனாள். போதை ஆராய்ச்சி, சிகிச்சை எல்லாம் அங்கேதான். நடத்துபவர் கீரி டாக்டர். நூற்று நாற்பது கேள்விக்குப் பதில் சொன்னால்தான் மருந்து.

வரிசையில் சடைச்சிக்கு முன்னால் யானை, பின்னால் குரங்கு.

"நீயும் பூ தின்பியாடா?"

"சேச்சே! கூட்டமா இருந்துச்சுக்கா. ஏதோ குடுக்கிறாங்கன்னு நின்னுட்டேன்."

வரிசை நகரவில்லை. யானை ஒவ்வொரு கேள்விக்கும் தான் பிறந்த கதையிலிருந்து ஆரம்பித்தது. இடத்தை விட்டால் மறுபடி கடைசிக்குத்தான் போகணும். அதனால் சடைச்சி அசையவே இல்லை. பசித்தால் கைக்கெட்டிய புற்றில் கறையான் தின்றாள். முதல் வாரம் பூ கிடைக்காத எரிச்சலில் குரங்கைக்கூடக் கடித்துவிட்டாள். அப்புறம் பூ ஞாபகமே குறைந்துபோனது.

இருபத்தோராம் நாள் முறை வந்தது.

"இன்னிக்கு எத்தனை பூ?"

"ஒண்ணுமில்ல டாக்டர். மூணு வாரமா உங்க வரிசையிலதானே நிக்கிறேன்."

கீரிக்கு முகம் வெளிறிவிட்டது. "சிகிச்சையே ஆரம்பிக்கல, அதுக்குள்ள எப்படிம்மா குணமாகலாம்? என் ஆராய்ச்சி என்னாகிறது? போய்ப் பத்துப் பூ தின்னுட்டு வா, குணப்படுத்தறேன்."

சடைச்சி திரும்பினாள். காற்றில் பூ வாசம் ஆளை இழுத்தது. ஆனால் எதிரே குட்டிகள் நின்றன. சின்னது கிட்டே வந்து அவள் வாயை முகர்ந்தது.

"உவ்வே, கறையான் நாத்தம்" என்றது. சொல்லிவிட்டு முதுகில் ஏறிக்கொண்டது. பெரியதும் ஏறியது.

சடைச்சி நேராக நடந்து போனாள்.

கீரி படிவத்தில் 'சிகிச்சை தோல்வி, பாதியில் ஓட்டம்' என்று எழுதிவிட்டு, "அடுத்தது!" என்றார்.

குரங்கு முன்னால் வந்தது. "டாக்டர், எனக்குப் பழக்கமே இல்ல. அந்தப் பத்துப் பூ எங்க கிடைக்கும்?"

நீதி: போதையை விடுவதற்குச் சிகிச்சை வேண்டாம், சிகிச்சைக்கான வரிசையே போதும். முன்னால் ஒரு யானை நின்றால் இன்னும் விசேஷம்.