கரையில்லாத வேட்டியும் ஜன்னலில் என் தலையும்

கள்ளிக்குப்பம்,
செவ்வாய்க்கிழமை

தம்பி எத்திராஜுக்கு அக்கா கன்னியம்மாள் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது.

இங்கே என் முட்டியைத் தவிர எல்லோரும் சுகம். ஆவடியில் நீயும் உன் பெண்சாதியும் சுகமாக இருக்க முல்லைவாயில் ஈஸ்வரனை வேண்டிக்கொள்கிறேன். உன் மகள் கல்யாணத்தில் என்னை மூன்றாம் பந்தியில் உட்கார வைத்து, அப்பளம் தீர்ந்துவிட்டது என்று உன் பெண்சாதி சொன்னதைப் பற்றிப் பேச இதை எழுதவில்லை. அந்த மகள் பெற்ற பிள்ளையைப் பற்றித்தான்.

உன் பேரன் கார்த்திகேசன் போன வருஷம் வந்து, இரண்டு நாள் என் கையால் நெத்திலிக் குழம்பு சாப்பிட்டு, "ஆயா, நம்ம தெருவுல மந்திரி மாட்டின கதைய சினிமா எடுக்கப்போறேன். ஒண்ணுகூட வுடாம சொல்லு" என்று போனை எதிரில் வைத்தான். நானும் விடவில்லை. முப்பது வருஷத்துக்கு முந்தின ஆடி மூன்றாம் ஞாயிறு, அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம், எதிர்வீட்டு வாசலில் கொடி கட்டிய கார் நிற்கிறது. அந்த வீட்டு சிவராமன் எதிர்க்கட்சிக்காரன், மாநாட்டுக்குத் திருச்சி போயிருந்தான். வீட்டில் பெண்சாதி பஞ்சவர்ணம் மட்டும்தான். அதை நாங்கள் எங்கே யோசித்தோம், தெருக்குழாய் கேட்டு ஐந்து தடவை மனு கொடுத்திருந்தோம், அதைப் பார்க்கத்தான் மந்திரி வந்திருக்கிறார் என்று கூழ்ப்பானையை விட்டுவிட்டுப் பதினேழு பெண்கள் ஆரத்தித் தட்டும் காலிக் குடமுமாகப் போய் நின்றோம். பம்பைக்காரனும் கூடவே வந்து அடித்தான். உள்ளே இருந்த மந்திரி அடிக்க ஆள் வந்துவிட்டதாகப் பயந்து கைக்குக் கிடைத்ததைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். கிடைத்தது சிவராமன் வேட்டி. ஆளுங்கட்சி மந்திரி இடுப்பில் எதிர்க்கட்சிக் கரை. பம்பை நின்றுவிட்டது. குப்பம்மா மட்டும் ஆரத்தியைச் சுற்றிக்கொண்டே, "இன்னாக்கா, ஐயா கட்சி மாறிட்டாரா?" என்று கேட்டாள். திருவிழாவுக்கு வந்த போட்டோக்காரன் எடுத்தான், புதன்கிழமை பேப்பரில் வந்தது, வெள்ளிக்கிழமை பதவி போனது. இதில் யாரும் ஒளிந்து பார்க்கவில்லை. கரைதான் காட்டிக்கொடுத்தது.

நேற்று பேத்தி காவ்யா அந்தப் படத்தின் டிரெய்லரைக் காட்டினாள். மந்திரி வேட்டியில் கரையே இல்லை. கொட்டுகிற மழை வேறு. அன்றைக்கு ஒரு சொட்டு விழவில்லை. பிறகு ஒரு ஜன்னல் வருகிறது, அதில் பச்சைப் புடவை கட்டிய ஒருத்தி தலையை நீட்டிப் பார்த்து, பல்லை இளித்துக்கொண்டு ஓடி ஊரைக் கூட்டுகிறாள். அவள் பேர் கன்னியம்மாளாம். போன் போட்டுக் கேட்டேன். "ஆயா, கரை போட்டா ரெண்டு கட்சியும் கேஸ் போடுவான். கரை இல்லன்னா யாராச்சும் பாத்துத்தானே ஆவணும்?" என்கிறான். அதுக்கு என் தலைதான் கிடைச்சுதாடா என்றேன். "நீ கேஸ் போட மாட்டல்ல" என்கிறான்.

தெருவில் கேலி செய்கிறவர்களை நான் பார்த்துக்கொள்வேன். பஞ்சவர்ணம் இன்னும் எதிர்வீட்டில்தான் இருக்கிறாள். அந்த வருஷம் நாலு மாசம் என் முகத்தில் முழிக்காமல் இருந்தவள், நான் எட்டிப் பார்க்கவில்லை என்று அம்மன் எதிரில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்த பிறகுதான் பேசினாள். சிவராமன் செத்துப்போன பிறகு காலைக் காபி எனக்கும் அவளுக்கும் ஒன்றாகத்தான். இன்று காபியை எடுத்துக்கொண்டு போனேன், கதவு சாத்தியிருந்தது. மகள் வித்யா வெளியே வந்து, "அம்மாக்கு தலவலி ஆயா" என்றாள். எழுபது வயதுக்கு மேல் இன்னொரு சிநேகிதிக்கு நான் எங்கே போவேன்? படம் வெள்ளிக்கிழமை வருகிறது. அதற்குள் அந்த ஜன்னலை வெட்டி எறியச் சொல். இல்லையென்றால் அக்கா தம்பி உறவு இதோடு முடிந்தது என்று எழுதி வைத்துக்கொள்.

உன் பெண்சாதிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். கார்த்திகேசனுக்கு மட்டும் இப்போதைக்கு இல்லை.

இப்படிக்கு,
கன்னியம்மாள்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் பஞ்சவர்ணமே வந்துவிட்டாள். நிஜமாகவே தலைவலிதானாம். டிரெய்லரை மூன்று தடவை பார்த்தாளாம். "நீ எட்டிப் பாத்தது எனக்கு அன்னிக்கே தெரியும் கன்னிம்மா. ஜன்னல்ல உன் மூக்குத்தி மின்னுச்சு" என்றாள். பின்னே ஏண்டி சத்தியம் பொய்தானே என்று இத்தனை வருஷம் கேட்கவில்லை என்றேன். "கேட்டா நீ பேசாம பூடுவ. அப்பால நான் யார்கிட்ட பேசுறது?" என்றாள். ஆகவே ஜன்னல் இருக்கட்டும். ஆனால் புடவை பச்சை இல்லை, அரக்கு. ஊரைக் கூட்ட நான் ஓடவும் இல்லை, நடந்துதான் போனேன். ஆரத்தி யோசனையும் என்னுடையதுதான், அதைக் குப்பம்மா பேரில் போட்டுவிடப் போகிறான், சொல்லி வை.