என் சாவு வீட்டுக்கு நான் பிந்திப் போன கதை

சொந்தச் சாவு வீட்டுக்குப் பிந்திப் போய்ச் சேர்ந்தவன் என்ற பெருமை எங்கள் ஒழுங்கையில் எனக்கு மட்டும்தான் உண்டு. நான் போனபோது வெள்ளைக்கொடி கட்டியாகிவிட்டது, கதிரை போட்டாகிவிட்டது, முதல் சுற்றுப் பிளேன்டீயும் முடிந்துவிட்டது. பிந்தி வருகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. பள்ளிக்கூடத்தில் பிந்தி வந்த பிள்ளைகளை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டே வயதானவன் நான்.

நான் விளையாட்டு ஆசிரியன். ஊருக்கு பீ.டீ. மாஸ்டர். என் சொந்தப் பெயர் மனைவி சரோஜாவுக்கும் பென்சன் கந்தோருக்கும்தான் தெரியும். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, மலையில் ஏறி இறங்கியே கால் உரமானவன் என்பதால், உலகத்து வியாதி எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரே மருந்துதான் இருந்தது. வயிற்றுவலியா, ஒரு ரவுண்டு ஓடு. பரீட்சைப் பயமா, இரண்டு ரவுண்டு ஓடு. சக ஆசிரியர் ஒருவர், மனைவி இறந்ததிலிருந்து தூக்கமே இல்லை என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "காலையில கிரவுண்டுக்கு வாங்க சார், மனசாவது மண்ணாங்கட்டியாவது" என்றேன். (அவர் வரவில்லை. வந்திருந்தால் விசில் ஊதி ஓடவிட்டிருப்பேன்.)

அறுபது வயதில் மாலை போட்டு, கையில் ஒரு சுவர்க்கடிகாரத்தையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். போக இடமில்லாதவனுக்குக் கடிகாரம் எதற்கு என்று மேடையிலேயே கேட்டிருக்கலாம். கட்டுகஸ்தோட்டையில் பெரிய ரோட்டிலிருந்து பிரிந்து மேலே ஏறும் ஒழுங்கையில் எங்கள் வீடு. மகள் கல்யாணம் முடித்து வெளிநாட்டில். காலையில் வழக்கம்போல வெள்ளைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வருவேன். வந்து நிற்பேன். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வேன்.

அப்புறம் உடம்பு தன் கைவரிசையைக் காட்டத் தொடங்கியது. நடக்காததால் முழங்கால் பிடித்துக்கொண்டது. முழங்கால் பிடித்ததால் நடக்கவில்லை. பகலெல்லாம் படுத்ததால் இரவில் தூக்கம் இல்லை. தூக்கம் இல்லாததால் பிரஷர் ஏறியது, பிரஷர் ஏறியதைப் பற்றி யோசித்ததால் இருந்த தூக்கமும் போனது. சோறு மண்ணாக இருந்தது. மீன்குழம்பு வைத்தால் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவன், நாலு வாய்க்கு மேல் இறங்காமல் எழுந்துவிடுவேன். சரோஜா சோற்றுத் தட்டைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள். கண்ணாடியில் பார்த்தால் என் அப்பா கடைசிக் காலத்தில் இருந்த மாதிரியே இருந்தேன்.

டொக்டர்களைக் காசு கட்டி சனல் பண்ணினோம். மாலை நேரத்தில் நம்பர் எடுத்துக் காத்துக்கிடந்து நெஞ்சுக்கு ஒருவர், வயிற்றுக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர். நெஞ்சு டொக்டர், "வயசுக்கு நல்ல ஹார்ட்" என்று கைகொடுத்து அனுப்பினார். மற்றவன் என்றால் கோயிலில் தேங்காய் உடைத்திருப்பான். எனக்கு ஆத்திரம் வந்தது. இவ்வளவு கஷ்டப்படுகிறேன், ஒரு வியாதிகூடக் கொடுக்கமாட்டேன் என்கிறார்களே! கடைசியாகப் பார்த்தவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "மனசு எப்படி இருக்கு மாஸ்டர்?" என்று கேட்டார். "நான் பீ.டீ. மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். (அது ஒரு பதிலா என்று சரோஜா பஸ்ஸில் கேட்டாள். பதில்தான் என்றேன்.)

அந்த நாட்களில் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அது பிறத்தியார் சாவு. எங்கள் ஒழுங்கைக்கு ஒரு மரண உதவிச் சங்கம் உண்டு. சிங்களவர், முஸ்லிம், தமிழர் எல்லோரும் அதில் இருக்கிறோம். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கொடி, கதிரை, கூடாரம், தேத்தண்ணி எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. முன்பு ஒரு தடவை பிரேதம் வந்து சேர்ந்தும் கதிரை வந்து சேராமல், சனம் மழையில் நின்று நனைந்தது. அதைப் பார்த்துத்தான் நான் சங்கத்துக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினேன். கொடிக்கு ஓர் அணி, கதிரைக்கு ஓர் அணி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒழுங்கையில் விசில் ஊதி ஒத்திகை. என் சட்டம் ஒன்றுதான்: "நியூஸ் வந்தா நிக்காதீங்க. யாரு, எப்ப, எப்படின்னு கேட்டுக்கிட்டு நின்னா நேரம் போயிரும். மொதல்ல கதிரைய எறக்குங்க!"

சங்கச் செயலாளர் பியதாச, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். ஒழுங்கை முனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பாரூக் நானாதான் தேத்தண்ணிக்குப் பொறுப்பு.

சம்பவம் நடந்த அன்று சரோஜா கலகெதரயில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். நான் கண்டி டவுனில் மருந்து வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட பஸ் நெரிசலில் நின்றது. அப்போது நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கின மாதிரி இருந்தது. மூச்சு உள்ளே போகவில்லை. கை விறைத்தது, சட்டை நனைந்துவிட்டது. சனத்தைத் தள்ளிக்கொண்டு இறங்கி, நடைபாதையில் உட்கார்ந்து, அப்படியே சாய்ந்துவிட்டேன். கூட்டம் கூடியது. ஒரு புண்ணியவதி, என் முகத்தில் வெயில் அடிக்கிறதே என்று வியர்வை துடைக்கிற தன் லேஞ்சியை விரித்து என் முகத்தில் போட்டாள். வெள்ளை லேஞ்சி.

சரியாக அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கத்து பஸ்ஸின் ஜன்னலோரத்தில் பியதாச. அவர் கண்டது, வெயிலில் நீட்டி நிமிர்ந்த இரண்டு வெள்ளைச் சப்பாத்தும் மூடிய முகமும். அந்தச் சப்பாத்தை ஒழுங்கையில் நாய்க்கும் தெரியும். இறங்கிப் போய்ப் பார்ப்போமா என்று நினைத்தாராம். அப்போது என் சட்டம் ஞாபகத்துக்கு வந்ததாம். என் போனுக்கு அடித்துப் பார்த்திருக்கிறார். அது வீட்டில் சார்ஜில் கிடந்தது. அவ்வளவுதான், மனிதர் கதிரையை இறக்கச் சொல்லிவிட்டார்.

என்னை யாரோ முச்சக்கர வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நெஞ்சில் வயர் ஒட்டினார்கள், இரத்தம் எடுத்தார்கள், பின்னேரம் வரை படுக்கவைத்துப் பார்த்தார்கள். தமிழ் பேசுகிற இளம் டொக்டர் ஒருத்தி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஹார்ட் நல்லா இருக்கு ஐயா. பயம் கூடினா ஒடம்பு இப்படித்தான் பிடிக்கும். எத்தனை நாளா நித்திரை இல்ல?"

"நித்திரையில எல்லாம் ஒரு பிரச்சினையும் இல்லீங்க."

"நாளைக்கு மனநல கிளினிக்குக்கு வாங்க. வீட்டு ஆக்கள்ட நம்பர் ஒண்டு தாங்க, நான் பேசுறன்."

"வேணாம் வேணாம், வீட்டுல பயந்துக்குவாங்க" என்று பெரிய மனிதனாகத் தலையாட்டிவிட்டு எழுந்து வந்தேன். (வீட்டில் பயப்படக்கூடாதாம். அந்த நேரம் வீட்டில் எனக்கு ஒப்பாரி நடந்துகொண்டிருந்தது.)

முச்சக்கர வண்டி ஒழுங்கைக்குத் திரும்பியதும் இரண்டு பக்கமும் வெள்ளைக்கொடி.

"யாருப்பா தவறிட்டாங்க?" என்று கேட்டேன்.

"யாரோ மாஸ்டர் ஒருத்தராம் ஐயா" என்றான் சாரதி.

மேல் வீட்டில் ஒரு கணக்கு மாஸ்டர் இருந்தார். என்னைவிட மூத்தவர், கொஞ்ச நாளாகப் படுக்கையில். அவர்தான் என்று நினைத்தேன். என்னை அறியாமலே, "குடுத்து வச்ச மனுசன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். வண்டி இன்னும் கொஞ்சம் ஏறியது. கணக்கு மாஸ்டர் தன் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூடாரம் என் வீட்டு முற்றத்தில் இருந்தது.

அந்த நிமிடத்தில் எனக்கு வந்தது பயமில்லை, கோபமுமில்லை. அதை அப்புறம் சொல்கிறேன்.

நான் இறங்கியதும் முதலில் கண்டவர் பாரூக் நானா. கையிலிருந்த தட்டு, கோப்பைகளோடு கீழே போனது. "யா அல்லாஹ்! மாஸ்டர், நீங்க மவுத்தாப் போனீங்க எண்டுதானே சென்னாங்க!"

பெண்கள் அலறினார்கள். மதில் தகராறில் வருசக்கணக்காக என்னோடு பேசாத பக்கத்து வீட்டு அம்மா, எனக்காக அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். (உயிரோடு வந்ததற்காக அவள் என்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.) சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் நின்று, மாஸ்டரைத் தராமல் போகமாட்டோம் என்று சண்டை பிடித்துக்கொண்டிருப்பதாகத் தெரியவந்தது. பியதாச நெஞ்சில் கைவைத்துக் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அனே மாஸ்டர், நீங்கதானே சொன்னது! நியூஸ் வந்தா நிக்க வேணாம், கதிரை எறக்கு எண்டு!"

கொடியைப் பார்த்தேன், கோணலாகத் தொங்கியது. கதிரை வரிசையைப் பார்த்தேன், பாம்பு மாதிரி வளைந்து கிடந்தது. "எத்தன தடவ சொல்லிக் குடுத்தேன், வரிசைய நேராப் போடுங்கப்பா" என்றேன். அப்போதுதான் நான் உண்மையிலேயே உயிரோடு இருக்கிறேன் என்று எல்லோரும் நம்பினார்கள். என்னை முன்வரிசையில் உட்காரவைத்து, என் சாவுக்குப் போட்ட தேத்தண்ணியில் ஒரு கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். கிறீம் கிறேக்கரை அதில் தோய்த்துக் கடித்துக்கொண்டிருந்தபோது வேன் வந்து நின்றது.

சரோஜா இறங்கினாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. ஒரு காலில் மட்டும் செருப்பு. கலகெதரயிலிருந்து அழுதுகொண்டே வந்தவளுக்குக் குரலே இல்லை. என்னைக் கண்டாள். கிட்ட வந்து கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், காதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஓங்கி ஒரு அறை விட்டாள். பிஸ்கட் கோப்பைக்குள் விழுந்தது. சனம் சிரித்தது. அவளும் சிரித்தாள், அழுதுகொண்டே. என் வாழ்க்கையில் அவள் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

ஆட்கள் கதிரைகளை மடிக்கத் தொடங்கினார்கள். நாங்கள் இரண்டு பேரும் மட்டும் கூடாரத்துக்குள் மிஞ்சினோம். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இன்னும் சிரிப்பு மாறாமல், "கொடியப் பாத்ததும் என்னாங்க நெனச்சீங்க? பயந்து போயிட்டீங்களா?" என்று கேட்டாள்.

ஏதாவது பகிடி சொல்லியிருக்கலாம். அன்றைக்கு என்னிடம் பொய் சொல்லத் தெம்பில்லை.

"அப்பாடான்னு இருந்துச்சு சரோஜா" என்றேன். "எல்லாம் முடிஞ்சுருச்சு, இனி காலையில எந்திரிக்க வேணாம்னு இருந்துச்சு."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. நான் செத்துவிட்டேன் என்று கேள்விப்பட்டு வேனிலிருந்து இறங்கியபோதுகூட அவள் முகம் அப்படி இருக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பியதாச வந்து எங்கள் இரண்டு கதிரையையும் கேட்டார். "இது கொஞ்ச நேரம் இருக்கட்டும் அண்ணே" என்றாள்.

ஆஸ்பத்திரியில் சொன்னதையெல்லாம் என்னிடம் கேட்டறிந்து, மறுநாள் என்னை அந்தக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். தெரிந்தவர் யாராவது கண்டுவிடுவார்களோ என்று லேஞ்சியால் முகத்தைத் துடைக்கிற மாதிரி மூடிக்கொண்டேன். "நேத்து மூஞ்சிய மூடினதாலதானே இவ்வளவும்" என்று கையைத் தட்டிவிட்டாள். உள்ளே வரிசையில் என் வயதுக்காரர்கள்தான் அதிகம். ஆளுக்கொரு முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரே நாளில் ஒன்றும் மாறவில்லை. கிளினிக்கில் தந்த குளிசையைப் போட்டு முதல் கொஞ்ச நாள் இன்னும் மோசமாகத்தான் இருந்தது. வாய் காய்ந்தது, தலை சுற்றியது, சாப்பாடு அப்போதும் மண்தான். மெல்ல மெல்ல இரவில் கொஞ்சம் கண் அயர்ந்தது. தூங்கினதால் காலையில் கொஞ்சம் நடந்தேன், நடந்ததால் முழங்கால் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. என்னைக் கீழே இழுத்துக்கொண்டு போன அதே சுற்று, ஊர்ந்து ஊர்ந்து மறுபக்கமாகத் திரும்பியது. இடையில் சில மாதம் திரும்பவும் கீழேயும் போயிருக்கிறது. வயதும் நிற்கவில்லை, அது தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருக்கிறது. கண்ணில் பூ விழுந்திருக்கிறது, ஒரு காது மந்தம். சங்கத்தில் என்னைப் பயிற்சியிலிருந்து நீக்கிவிட்டு, மூச்சைப் பார்த்த பிறகே கொடி என்று புதுச் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

வீட்டில் மிஞ்சியது ஒரு பகிடி. காலையில் நான் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்து முனகினால், அடுப்படியிலிருந்து சரோஜா குரல் கொடுப்பாள்: "என்னாங்க, கொடி கட்டச் சொல்லவா?"

"வேணாம், கோணலாக் கட்டுவாங்க!" என்பது என் பதில். மகள் வீடியோவில் வந்தாலும் முதல் கேள்வி அதுதான். சொந்தக்காரர் கல்யாணங்களிலும் என்னைக் கண்டால் அதையே கேட்டுச் சிரிக்கிறார்கள்.

வெகுகாலம் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தேன். கேள்வியைக் கேட்டவுடன் அடுப்படியில் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றுவிடும். என் பதில் உடனே போனால் சத்தம் மறுபடி தொடங்கும். பிந்தினால், அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவாள். வெள்ளைச் சப்பாத்தை எடுத்து என் காலுக்குக் கிட்ட வைப்பாள்.

இன்று காலை என் பதில் கொஞ்சம் பிந்திவிட்டது. இரண்டு பேரும் பாலம் வரைக்கும் நடந்துவிட்டு வந்தோம்.