சம்பந்தியம்மா கையில் எலக்ட்ரோடு

மண்ணரை, திருப்பூர்
14-10-2008

மதிப்பிற்குரிய மச்சான் ஈஸ்வரமூர்த்தி அவர்களுக்கு,

மகுடேஸ்வரன் எழுதுவது. இங்கு உங்கள் தங்கை முத்தாத்தாள் நலம். பனியன் கம்பெனியும் கரண்ட் இருக்கும் நேரங்களில் நலம். குண்டடத்தில் தங்கள் நலமும் எருமைகள் நலமும் அறிய ஆவல்.

என் மகள், உங்கள் மருமகள் ஜனனி கோயமுத்தூரில் ஆராய்ச்சி படிக்கிறாள் அல்லவா, அது மண்ணைப் பிசைகிற படிப்பு என்று இப்போதுதான் தெரிந்தது. கரண்டைக் கடத்தும் ஒருவகைப் பிளாஸ்டிக்கைக் களிமண்ணோடு கண்ணுக்குத் தெரியாத நுணுக்கத்தில் கலந்தால், மண் அதை உதிராமல் பிடித்துக்கொள்ளுமாம், இரண்டும் சேர்ந்து கரண்டைச் சேமித்து வைக்குமாம். அதற்கு எலக்ட்ரோடு என்று பெயராம். லீவுக்கு வந்தவள் அந்தப் பச்சை விழுதை ஒரு கிண்ணத்தில் குழைத்துச் சமையலறையில் வைத்துவிட்டாள். ஞாயிறன்று தாராபுரத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் மாரக்காள் அம்மாள் உரிமையோடு சமையலறைக்குள் போய், "மருதாணிங்களா?" என்று கேட்க, உங்கள் தங்கை மரியாதைக்காக, "ஆமாங்க, வெச்சுக்கோங்க" என்றுவிட்டாள். அந்த அம்மாள் இரண்டு உள்ளங்கையிலும் பூசிக்கொண்டு கூடத்துக்கு வர, ஜனனி அலறினாள்: "ஐயோ அத்தை, அது எலக்ட்ரோடுங்க!" அவ்வளவுதான், எலக்ட்ரிகல் இன்ஜினியரான மாப்பிள்ளை ஒரே தாவலில் பீரோவுக்குப் பின்னால் போய்விட்டார். அவருடைய அப்பா, "மாரக்கா, செல்போனத் தொட்றாத!" என்கிறார். ஜனனிதான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து, "ஷாக்கெல்லாம் அடிக்காதுங்க, வாங்க கழுவலாம்" என்றாள். நானும் பெருமைப்பட்டேன். சோப்பு, புளி, எலுமிச்சை எதற்கும் பச்சை போகாததைக் கண்ட ஜனனி, சந்தோஷமாகக் கரண்ட் அளக்கும் மல்டிமீட்டரைக் கொண்டுவந்து, "அத்தை, ஒரு நிமிசம் கைய ஆட்டாம வெச்சுக்கோங்க, நல்லா ஒட்டியிருக்குது" என்றாளே! பஜ்ஜியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். முத்தாத்தாள் அழுது ஓயவில்லை.

ஜனனி நீங்கள் சொன்னால்தான் கேட்பாள். உடனே வந்து, ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லி, அப்படியே தாராபுரம் போய் மன்னிப்பும் கேட்டு இந்தச் சம்பந்தத்தை முடித்துத் தர வேண்டும்.

அக்காவுக்கு எங்கள் வணக்கம். குழந்தைகளுக்குப் பழனியாண்டவர் துணையிருக்க ஆசிகள்.

இப்படிக்கு,
மகுடேஸ்வரன்

பி.கு.: வர வேண்டாம் மச்சான். இப்போதுதான் மாரக்காள் அம்மாள் போன் செய்தார். "நான் பெத்தவன் பீரோவுக்குப் பின்னால ஒளிஞ்சான், உங்க புள்ளதாங்க எங் கையப் புடிச்சா. அவ படிப்ப நிறுத்தாதீங்க. முடிச்சதும் எங்க ஊட்டுக்கு அனுப்பிச்சுடுங்க. பையன வேண்ணா நீங்களே வெச்சுக்கோங்க" என்கிறார். ஜனனியிடம் சொன்னேன். "பையன் வேண்டாங்கப்பா, அத்தை மட்டும் போதும்" என்கிறாள். இதற்கு என்ன முறை என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் விசாரித்து எழுதவும்.