துரையின் வயிறும் என் மானமும்

கிள்ளான்,
சனிக்கிழமை.

அன்புள்ள மச்சான் லோகனுக்கு,

உன் மாமா தம்புசாமி எழுதிக்கொள்வது. கூச்சிங்கில் நீயும் உன் புது வேலையும் சுகமாக இருக்க முருகன் துணை நிற்கட்டும். இங்கே உன் அக்கா பவுனம்மாள் நலம். நீ விட்டுவிட்டுப் போன சாலமாண்டர் மிகவும் நலம். மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான். என்னைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் சொன்னால் நீ கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். கடிதத்துக்கு அப்படிச் செய்ய முடியாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மாற்றலாகிப் போகும்போது கண்ணாடித் தொட்டியை எங்கள் ஹாலில் வைத்துவிட்டு என்ன சொன்னாய்? "மாமா, வாரத்துக்கு ரெண்டு தடவ சாப்பாடு போட்டா போதும் லா. ஒரு வேலையும் இல்ல." நானும் நம்பினேன். நாலு காலும் மீன் வாலும் தலைக்கு இரண்டு பக்கமும் இறகு மாதிரி செவுளுமாக, தண்ணீருக்குள் ஒரு ஜீவன் எந்நேரமும் சிரித்த முகத்தோடு இருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? துரை என்று பெயர் வைத்ததும் நீதான். அது பெயருக்கு ஏற்றபடி அசையாமல் இருந்துகொண்டு நான் வேலை செய்வதைப் பார்க்கிறது.

என் கெட்ட நேரம், அதே வாரம் கிளினிக்கில் எனக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். உன் அக்கா போனும் கையுமாக உட்கார்ந்தாள். எனக்கு என்ன கொடுக்கலாம் என்று ஒரு வீடியோ, துரைக்கு என்ன கொடுக்கலாம் என்று ஒரு வீடியோ. முடிவில் இரண்டு பேருக்கும் ஒரே சட்டம்: கண்டதையும் தின்னக்கூடாது, வயிறு முட்டத் தின்னக்கூடாது. எனக்கு ஓட்ஸ் கஞ்சியும் பாகற்காயும். துரைக்கு மண்புழு. அதில்தான் எல்லாச் சத்தும் இருக்கிறதாம். கடையில் விற்கும் ரத்தப்புழு வெறும் நொறுக்குத் தீனியாம்.

வீட்டுக்குப் பின்னால் சாக்கடை ஓரம் குனிந்து தோண்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு உஷாராணி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"என்ன அங்கிள், மோதிரம் விழுந்துருச்சா?"

"இல்லம்மா, புழு."

"புழு எதுக்கு அங்கிள்?"

"சாப்பாட்டுக்கு."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அன்று மாலை அந்தப் பெண் ஒரு டப்பா நிறைய மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்து, உன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கஷ்டம்னா கேளுங்க ஆன்டி, கூச்சப்படாதீங்க" என்றாள். அந்தக் குழம்பாவது எனக்குக் கிடைத்ததா என்றால் இல்லை. உப்பு அதிகமாம்.

அதோடு முடிந்ததா? உஷாராணி செடிகளுக்கு மருந்து அடிக்கிறாள், அந்த மண்ணில் இருக்கும் புழு துரைக்கு ஆகாது என்று உன் அக்கா கண்டுபிடித்தாள். அதனால் வாளியில் நாங்களே புழு வளர்க்கிறோம். துரை நல்லதாகத் தின்ன வேண்டுமென்றால் புழு நல்லதாகத் தின்ன வேண்டுமாம். காலையில் பாசாருக்குப் போய் வெள்ளரிக்காயும் கீரையும் வாங்கிவந்து பொடிப்பொடியாக அரிந்து போடுகிறேன். வெங்காயம் ஆகாது, எலுமிச்சை ஆகாது, காரம் ஆகவே ஆகாது. மிச்சமிருக்கும் கீரைதான் எனக்கு. துரைக்குச் சூடு வேறு ஆகாதாம். இந்தக் கிள்ளான் வெயிலில் வீட்டில் இருக்கிற நல்ல ஃபேன் தொட்டியைப் பார்த்துச் சுற்றுகிறது. நான் காலண்டர் அட்டையால் விசிறிக்கொள்கிறேன்.

இனிமேல்தான் விஷயமே. சாலமாண்டரின் வயிறு அதன் தலையைவிட அகலமாக இருக்கக்கூடாதாம். போன வாரம் உன் அக்கா மேலேயிருந்து பார்த்தாள். துரையின் வயிறு தலையைத் தாண்டி இரண்டு பக்கமும் வழிந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து என் தலையைப் பார்த்தாள், பிறகு என் வயிற்றைப் பார்த்தாள்.  அதுவே போதும்.

வளர்ப்பு மீன் விற்கிற கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது ஓவரா சாப்பிட்ட கேஸ் லா. வீட்டுல யாரோ ஒளிச்சு ஒளிச்சுப் போடறாங்க" என்றார்.

"எங்க வீட்ல நாங்க ரெண்டே பேருதான் தம்பி" என்றாள் உன் அக்கா, என்னைப் பார்த்துக்கொண்டே.

மச்சான், சத்தியமாக நான் போடவில்லை. இத்தனை வருஷம் போர்ட் கிள்ளானிலிருந்து லோரியில் சரக்கு ஏற்றிப்போனவன், ஒரு மூட்டை குறைந்தது என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. இப்போது உன் அக்கா ஒரு வாளிப் புழுவைத் தன் அறையில் வைத்துப் பூட்டிக்கொண்டு, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு திரிகிறாள். துரைக்குப் பட்டினி. "அது பாவம் தனியா எப்படிப் பட்டினி கெடக்கும்?" என்று எனக்கும் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். பசிகூடப் பரவாயில்லை. கடைக்காரன் சொன்னதை நம்பினாள், நான் சொன்னதை நம்பவில்லை. அதுதான் நெஞ்சில் நிற்கிறது. நாலு நாளாக இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம், நடுவில் துரை சிரிக்கிறது.

எனக்கு அலுத்துவிட்டது. அடுத்த லீவில் முதல் விமானத்தில் வந்து உன் துரையை அழைத்துக்கொண்டு போ. போகும்போது, மாமா கை சுத்தம் என்று உன் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நீயாவது சாப்பிடு. எல்லா நலமும் உனக்குச் சேரட்டும்.

இப்படிக்கு,
அன்பு மாமா,
தம்புசாமி.

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உன் அக்கா போட்ட சத்தத்தில் எழுந்து ஓடினேன். தொட்டி முழுக்க, செடியில், கல்லில், ஃபில்டர் குழாயில், எங்கு பார்த்தாலும் ஜவ்வரிசி மாதிரி முட்டை. துரையின் வயிறு வற்றிவிட்டது.  உன் அக்கா முந்தானையை அவிழ்த்துச் சாவியை என் கையில் வைத்து, "பிள்ள பெத்த ஒடம்ப பட்டினி போட்டுட்டேனேங்க" என்று அழுதாள். என்னைப் பட்டினி போட்டது அவள் நினைவுக்கே வரவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. நாலு நாளுக்குப் பிறகு பேசியிருக்கிறாள், கெடுப்பானேன்? ஆகவே நீ இப்போது வர வேண்டாம். பச்சை உடம்பை விமானத்தில் ஏற்றக்கூடாதாம். முட்டை பொரிக்குமா பொரிக்காதா தெரியாது. பொரித்தால் குஞ்சுகள் உயிரோடு நெளிவதைத்தான் தின்னுமாம். முடிந்தால் ஒரு மண்வெட்டியை மட்டும் அனுப்பு. இங்கே கூப்பிடுகிறாள்: "என்னங்க, தொரசானிக்குப் பசிக்குது!"