கிராஞ்சிக்குப் போன தோசை மாவு

"கிராஞ்சியில தோசை மாவு யாரும்மா கேட்டா?"

போனில் லாரி டிரைவர் நூர்தீன் கேட்டார். நஸீஹா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஏன் அங்கிள்?"

"தொழிலாளர் டார்மிட்டரி கிச்சன் வாசல்ல நிக்கிறேன். இவங்க ஃப்ரோசன் புரோட்டாவுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க. நான் லாரிக் கதவத் திறந்தா முழுக்க மாவு பாக்கெட். புரோட்டா எங்க?"

புரோட்டா எங்கே என்று நஸீஹாவுக்கு நன்றாகத் தெரியும். இன்னொரு டிரைவர் மாசிலாமணியின் லாரியில் ஏறி, ஜாலான் புசாரில் இருக்கும் சரஸ்வதி அம்மாவின் தோசைக் கடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கடையில் புரோட்டாவே கிடையாது.

"ஒரு நிமிஷம் அங்கிள்" என்று போனைப் பொத்திக்கொண்டு மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

ஜன்னலோர மேசையிலிருந்து மருதப்பன் சார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நஸீஹா பாலிடெக்னிக்கில் மூன்றாம் வருடம், சப்ளை செயின் மாணவி. ஒரு பொருள் சரியான நேரத்தில் சரியான இடத்துக்கு எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் படிப்பே. பரீட்சையில் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி ஏ வாங்கியிருந்தாள். இன்று உட்லண்ட்ஸில் ஒரு சின்னக் குளிர்பதனக் கிடங்கில் இன்டர்ன்ஷிப்பின் முதல் நாள். இதில் ஃபெயிலானால் டிப்ளமா இல்லை. போன வருடம் ஒரு பெண் ஃப்ரீசர் கதவைச் சரியாகச் சாத்தாததற்காகப் பாதியிலேயே திருப்பி அனுப்பப்பட்டாள் என்று சீனியர் ரக்ஷனா சொல்லியிருந்தாள்.

"பாஸ் கத்தவே இல்லடி. சும்மா பாத்தாராம். அவ்வளவுதான், முடிஞ்சது."

மருதப்பன் சாரும் கத்துகிற ஆளாகத் தெரியவில்லை. பார்க்கிற ஆளாகத்தான் தெரிந்தார்.

காலையில் அவள் பஸ்ஸில் இருந்தபோதே சூப்பர்வைசர் குமரனிடமிருந்து செய்தி வந்திருந்தது. "ஜோகூர்லேர்ந்து வர்றேன், பார்டர் பாலத்துல மாட்டிக்கிட்டேன். ஜாம் நகரவே இல்ல. மத்தவங்க எல்லாம் எக்ஸ்போல ஃபுட் ஷோவுக்குப் போயிட்டாங்க. ஆபீஸ்ல ஒருத்தர் இருப்பாங்க. நான் வர்ற வரைக்கும் அவங்ககூடவே இரு." அதற்குப் பிறகு குமரனின் போன் கிடைக்கவே இல்லை.

ஆபீஸ் கதவைத் திறந்தால் அந்த ஒருத்தர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கஞ்சி போட்டதுபோல விறைப்பான வெள்ளை முழுக்கைச் சட்டை. அதைவிட விறைப்பாக மீசை. அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்க மேடம். மருதப்பன்."

நஸீஹா கொஞ்சம் லேட். அப்பா வயது மனிதர் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்காக எழுந்து நின்று மேடம் என்றால் அது நக்கல் இல்லாமல் வேறென்ன?

"சாரி சார். பஸ் லேட் சார்."

"பரவாயில்லை" என்றார் அவர். அவள் உட்காரும்வரை அவரும் உட்காரவில்லை.

சற்று நேரத்தில் நூர்தீன் ஜன்னலில் தலையை நீட்டினார். "லோடு ரெடி. எந்தக் குவியல் கிராஞ்சி, எந்தக் குவியல் ஜாலான் புசார்?"

நஸீஹா மருதப்பன் சாரைப் பார்த்தாள். மருதப்பன் சார் நஸீஹாவைப் பார்த்தார். இது டெஸ்ட் என்று அவளுக்குப் புரிந்தது. வெளியே இரண்டு குவியல்களும் ஒரே மாதிரிப் பெட்டிகள். தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. இடது பக்கத்தைக் காட்டி, "அது கிராஞ்சி" என்றாள்.

மருதப்பன் சார் மெல்லத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் அவளுக்கு உயிர் வந்தது. வந்த உயிர்தான் இப்போது நூர்தீனின் போனில் மறுபடியும் போய்க்கொண்டிருந்தது.

"சார்... லாரி ரெண்டும் மாறிப் போச்சு."

அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மீசை மட்டும் லேசாக ஆடியது. கோபத்தை அடக்குகிறார் என்று அவள் நினைத்தாள்.

"ரெண்டு லாரியையும் இங்கேயே திரும்ப வரச் சொல்லி, மாத்தி ஏத்தி அனுப்பிடட்டுமா சார்?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார்.

"வரச் சொல்லிடலாம்" என்றார்.

இரண்டு லாரிகளும் வந்தன. நூர்தீன் மாவை இறக்கினார், மாசிலாமணி புரோட்டாவை இறக்கினார். இறக்கி வைத்த இடத்தில் பகல் வெயில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"எத முதல்ல ஏத்துறது?" என்று மாசிலாமணி கத்தினார்.

நஸீஹா சாரைப் பார்த்தாள். அவள் எழுந்து வெளியே வந்தபோது அவரும் எழுந்து பின்னாலேயே வந்திருந்தார். காலையிலிருந்தே இப்படித்தான். அவள் போகிற இடமெல்லாம் ஒரு நிழல் போல வந்து நின்று பார்த்தார்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார் அவர்.

அடுத்த டெஸ்ட். "புரோட்டா உருகிடும் சார்..."

"அப்ப புரோட்டா."

டிரைவர்கள் இருவரும் கை கொடுத்துப் புரோட்டா ஏறியது. கிராஞ்சிக்குப் போயும் சேர்ந்தது. அந்த நாளில் சரியாக நடந்த ஒரே காரியம் அதுதான்.

அதுவரை மாவு வெயிலில் காத்திருந்தது. தோசை மாவுக்கு வெயிலைக் கண்டால் உற்சாகம். பாக்கெட்டுகள் ஒவ்வொன்றாக உப்பத் தொடங்கின. முதலில் தலையணைபோல இருந்தன. பிறகு பந்துபோல ஆயின. நஸீஹா ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்ததுதான் தாமதம், பொத்தென்று வெடித்தது. அவளுடைய முக்காடு, மருதப்பன் சாரின் வெள்ளைச் சட்டை, மீசை எல்லாம் மாவு.

அவர் கைக்குட்டையை எடுத்தார். மீசையைத் துடைத்தார். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று நஸீஹாவுக்குத் தோன்றியது. "சார், ஃப்ரீசர்ல வச்சா புளிக்கிறது நின்னுடும். உள்ள வேகமா உறைய வைக்கிற ரூம் ஒண்ணு இருக்குல்ல, அதுல கொஞ்ச நேரம்..."

"கொஞ்ச நேரம்தானே?"

"கொஞ்ச நேரந்தான் சார்."

"வச்சிடலாம் மேடம்."

மறுபடியும் மேடம். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மாவை உள்ளே வைத்துவிட்டு இருவரும் கதவுக்கு வெளியே நின்றார்கள். அவர் எப்போது எடுக்கச் சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். அவரோ கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். சாப்பாட்டு நேரம் வந்தது. பாஸ் சாப்பிடாமல் இருக்கும்போது தான் எப்படி டப்பாவைத் திறப்பது என்று அவளும் திறக்கவில்லை. உம்மா கட்டிக்கொடுத்த பிரியாணி பையிலேயே ஆறியது. அவருடைய சாப்பாட்டு டப்பாவும் மேசையில் மூடியபடியே இருந்தது. நடுவில் தெரியாத எண்ணிலிருந்து அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. சரஸ்வதி அம்மாவாகத்தான் இருக்கும் என்று பயந்து சைலன்ட்டில் போட்டாள். மருதப்பன் சாரின் சட்டைப் பையிலும் போன் அதிர்ந்தது. அவர் எடுத்துப் பார்த்துவிட்டு உடனே கட் பண்ணினார். எவ்வளவு பெரிய ஆள், யார் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசியில் நூர்தீன்தான் வந்து கதவைத் திறந்தார். "என்னமா இது, இன்னும் உள்ளயே இருக்கு?" என்று பெட்டிகளை லாரியில் அடுக்கிக்கொண்டு ஜாலான் புசாருக்குக் கிளம்பினார்.

கொஞ்ச நேரம் கழித்து ஆபீஸ் போன் அடித்தது. நஸீஹா எடுக்கவில்லை. மருதப்பன் சாரும் எடுக்கவில்லை. அது நிற்கவும் இல்லை. கடைசியில் அவள் ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"யாரு பேசுறது?" சரஸ்வதி அம்மாவின் குரல் அறையை நிறைத்தது. "நான் மாவு கேட்டேனா, கல்லு கேட்டேனா?"

"மாவு ஆன்ட்டி..."

"தோசைக்கல்லு என்கிட்ட இருக்கு. அதுவும் சூடா இருக்கு. நீ எதுக்கு வேற கல்லு அனுப்பியிருக்க? சுத்தியல் வச்சு உடைக்கிறான் என் மாஸ்டர்! சாயங்காலம் மாடியில நிச்சயதார்த்தம்லா. பொண்ணு வீடு, மாப்பிள்ளை வீடு, அத்தனை பேருக்கும் தோசை. வர்றவங்களுக்கு நான் என்னத்த போடுறது? நிச்சயம் நின்னுபோச்சுன்னா யாரு பொறுப்பு? உன் மேனேஜர கூப்பிடு!"

நஸீஹா மருதப்பன் சாரைப் பார்த்தாள். அவர் முகம் அவருடைய சட்டையைப்போல வெளுத்திருந்தது. தன்னைத்தான் முறைக்கிறார் என்று நினைத்தாள்.

"ஆன்ட்டி, சாயங்காலத்துக்குள்ள புது மாவு வந்துடும்" என்று சொல்லி போனை வைத்துவிட்டு, "டாய்லெட் சார்" என்று வெளியே ஓடினாள்.

டாய்லெட்டில் நின்றபடி சிராங்கூன் ரோட்டில் இருக்கும் ஒரு மாவு மில்லுக்குப் போன் போட்டாள். ரக்ஷனாவின் மாமாவுடைய மில். அழுகையை அடக்கிக்கொண்டு, எவ்வளவு மாவு இருக்கிறதோ அவ்வளவையும் ஜாலான் புசாருக்கு அனுப்பச் சொன்னாள். சாருக்குத் தெரியாமல் சரி செய்துவிட்டால் ஒருவேளை பிழைத்துவிடலாம். திரும்பி வந்தபோது மருதப்பன் சார் படிக்கட்டுக்கு அடியில் முதுகைக் காட்டி நின்றபடி யாரிடமோ ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

முடிந்தது. தலைமை ஆபீஸுக்குச் சொல்லிவிட்டார். தன்னை அனுப்பப் போகிறார்கள்.

"மேடம்" என்றார் அவர், தொண்டையைச் செருமிக்கொண்டு. "நாமே நேர்ல போய் அந்த அம்மாகிட்ட சாரி சொல்லிடலாமா? உங்களுக்கு ஓக்கேன்னா."

அவளுக்கு ஓக்கேயா என்று அவளிடமே கேட்கிறார். வேலையை விட்டு அனுப்புவதற்கு முன்னால் கடைசி மரியாதை. நஸீஹாவுக்குக் கண் நிறைந்தது. "ஓக்கே சார்."

மாசிலாமணியின் லாரியில் இருவரும் முன்னால் உட்கார்ந்து போனார்கள். புக்கிட் தீமா ரோட்டில் ஜாம் ஆனபோது அவர் மெதுவாக, "கல்யாண வயசுல எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க மேடம்" என்றார்.

எதற்குச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. அந்த நிச்சயதார்த்தப் பெண்ணின் அப்பா இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கிறார்போல. அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஜாலான் புசார் பழைய கடைவீடுகளுக்கு நடுவே சரஸ்வதி அம்மாவின் கடை. பின்பக்கச் சந்தில் இறங்கியபோது நஸீஹாவின் கால் தரையில் ஒட்டிக்கொண்டது. ரக்ஷனாவின் மாமா அனுப்பிய வேன் அங்கே மாவை இறக்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னொரு வேன், லிட்டில் இந்தியாவின் வேறொரு மில்லுடையது. அதிலும் மாவு. ஓரமாக, மதியம் கல்லாகப் போன பெட்டிகள் வெயிலில் உருகி, அந்த மாவும் மறுபடி உற்சாகமாகப் பொங்கி, பாக்கெட்டைக் கிழித்துக்கொண்டு வடிகாலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. நூர்தீன் பேன்ட்டை முழங்கால்வரை மடித்து அதன் நடுவில் நின்றிருந்தார்.

"இன்னொரு வேன்... யாரு..." என்று நஸீஹா இழுத்தாள்.

மருதப்பன் சார் தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான் சொன்னேன். உங்ககிட்ட சொல்லாம செஞ்சிட்டேன். சாரி."

அவளுக்கு நம்ப முடியவில்லை. தன்னைக் காப்பாற்றத்தான் அவர் ரகசியமாகப் போன் போட்டாரா? இப்படியும் ஒரு பாஸா?

அந்த நெகிழ்ச்சிக்கு நேரம் கிடைக்கவில்லை. சரஸ்வதி அம்மா கரண்டியோடு சந்துக்கு வந்தார். பட்டுப்புடவை, கனகாம்பரம், கண்ணில் நெருப்பு. மாவு ஆற்றைப் பார்த்தார். இரண்டு வேனையும் பார்த்தார்.

"விருந்து நடந்துடும், அதுக்கு மாவு வந்துடுச்சு. மிச்ச மாவ வச்சு நான் என்ன பண்றது? ஜாலான் புசார் முழுக்க வெள்ளையடிக்கவா?"

இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். மருதப்பன் சாரின் மூச்சு விசில்போல வந்துகொண்டிருந்தது.

"கேக்குறேன்ல? சொல்லுங்க! உங்கள்ல யாரு இன்சார்ஜ்?"

நஸீஹா மெதுவாகக் கையைத் தூக்கி மருதப்பன் சாரைக் காட்டினாள்.

அதே நேரத்தில் மருதப்பன் சார் கையைத் தூக்கி நஸீஹாவைக் காட்டினார்.

இரண்டு விரலும் ஒன்றையொன்று தொடாத குறையாக நின்றன. கரண்டி அந்தரத்தில் நின்றது. அப்போது நூர்தீன் மாவுக் கையோடு போனைக் காதிலிருந்து எடுத்து அவர்களைப் பார்த்துக் கேட்டார்:

"ஹெச்.ஆர். லைன்ல இருக்காங்க. இன்னிக்குப் புதுசா சேர வேண்டிய ரெண்டு இன்டர்னையும் காலைலேர்ந்து காணோமாம்லா, ஒரு காலேஜ் பொண்ணு, வேலை மாறிப் புதுசா கத்துக்க வந்த ஒரு அங்கிள். நீங்க ரெண்டு பேரும் எங்கயாச்சும் பாத்தீங்களா பாஸ்?"