அரைப்பேர் ஊதிய கொம்பு

இந்தப் பூமியில் பிறந்த கால்பந்து ரசிகர்களிலேயே பெரிய நம்பிக்கைக்காரர் யார் என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். பதுளை பஜாரில் அரிசிக் கிட்டங்கியில் மூட்டை நிறுத்துக்கொண்டிருந்த அரைப்பேர்தான். எங்கள் பஜார் கிளப் ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. இரண்டாம் தரப் போட்டியில் கடைசி இடத்தை எங்களுக்கே பட்டா எழுதிக் கொடுத்திருந்தார்கள். அப்படியிருந்தும் வருஷா வருஷம் மழை விட்டு மைதானம் காயத் தொடங்கியதும், "இந்தத் தடவை நம்ம பயலுகள எவனும் அசைக்க முடியாது" என்று அந்த மனிதர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். ஆடுகிற எங்களுக்கே சிரிப்பு வரும்.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. பதுளைக்கு வருமுன் மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். தோட்டத்தில் ஒரு நாள் வேலையை முழுசாகச் செய்தால் ஒரு பேர் போடுவார்கள். பாதியில் விட்டால் அரைப்பேர். மனிதர் தோட்டத்தை விட்டாரே தவிர அந்தப் பழக்கத்தை விடவில்லை. பூசாரி மந்திரத்தை விழுங்கினால் அரைப்பேர். சாப்பாட்டுக் கடையில் ரசம் தண்ணீராக இருந்தால் அரைப்பேர். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ம்... அரைப்பேர் போடலாம்" என்று மாப்பிள்ளையின் அப்பா காதில் விழும்படியே சொன்னார். அவரைப் பந்தியிலிருந்து பாதிச் சாப்பாட்டில் எழுப்பிவிட்டார்கள்.

ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன்னால் அவர் எங்கள் ஒவ்வொருவரையும் எடை போடுவது ஒரு பெரிய வைபவம். உட்கார்ந்து பேச அவருக்கு வராது. பஜார் முனைக்கும் ஆற்றுப்பாலத்துக்கும் இடையே நடந்துகொண்டே பேசுவார். கிளப் முழுவதும் பின்னால் ஓட வேண்டும். ஆடுவதற்கு முன்பே எங்களுக்கு நாக்குத் தள்ளிவிடும்.

"தையக்கார சுப்பையா! நம்ம கேப்டன். காலு ரெண்டும் தங்கம். ஆனா எது வலது, எது எடதுன்னு அதுகளுக்குள்ளயே சண்ட."

"ஐயா, போன வருஷம் கோல் கம்பத்துல அடிச்சேனே!"

"அடிச்ச. நம்ம கம்பத்துலடா அடிச்ச!"

அடுத்தது நான். துணிக்கடையில் முழம் போடுகிறவன். பின்வரிசையில் இடது பக்கம் நிற்பேன். "இவன் ஓடி வர்றதப் பாத்தா பந்துக்கே பாவமாயிருது. நின்னு குடுக்குது. அப்பயும் இவன் காலு படாது. அரைப்பேர்." இப்படி எல்லோரையும் நார் நாராகக் கிழித்துவிட்டு, பாலத்துக்கு வந்ததும் சட்டென்று திரும்பி, "ஆனா மொத்தமாப் பாத்தா நல்ல டீம்தான்" என்பார். அது எப்படி என்று கேட்கிற தைரியம் எங்களில் யாருக்கும் கிடையாது.

நான் சொல்ல வந்த வருஷம் வந்தது பெரிய இடி. துணிக்கடை, அரிசிக் கிட்டங்கி இரண்டுக்கும் ஒரே முதலாளி. டீமில் பாதிக்குமேல் அவர் கடைப் பையன்கள். ஆட்டமோ ஞாயிற்றுக்கிழமைகளில். முதலாளி எங்களைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஞாயித்துக்கெழமதான் தோட்டத்துச் சனம் பூரா கடைக்கு எறங்கி வருது. அன்னைக்குப் பாத்து நீங்க மைதானத்துல போயி ஒத வாங்குறீங்க. மொத ஆட்டத்துல ஜெயிங்க, வருஷம் பூரா லீவு தாறேன். தோத்தாலும் சரி, சமமா முடிஞ்சாலும் சரி, கிளப்ப மூடிட்டு ஒழுங்கா முழம் போடுங்க."

லீவு இல்லாவிட்டால் டீம் இல்லை. டீம் இல்லாவிட்டால் கிளப் இல்லை. அரைப்பேருக்கு அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. மூட்டையைத் தராசில் ஏற்றிவிட்டு, எடையைப் பார்க்காமலே தெருவுக்கு வருவார். வானத்தைப் பார்ப்பார். உள்ளே போவார். திரும்பவும் வருவார். குட்டி போட்ட பூனைகூட நடுநடுவே படுக்கும், இவர் படுக்கவில்லை. ஒரு நாள் மடுல்சீமைக்கு அரிசி ஏற்றிப்போன மாட்டு வண்டியில் தொற்றிக்கொண்டு காணாமல் போனார்.

திரும்பி வந்தபோது முகத்தில் தீபாவளி. பழைய தோட்டத்தில் மூன்று பேரைப் பிடித்துவிட்டாராம்.

"கோல்கீப்பர் மாடசாமின்னு ஒருத்தன். கை ஒவ்வொண்ணும் மொறம் மாதிரி! மத்த ரெண்டு பேரும் மலையில மம்பட்டி புடிச்ச காலு, கையி. நாள் பூரா ஓடுவானுக, மூச்சு வாங்காது. ஒரு கொறையும் கெடையாது."

"அவுங்களுக்கு எத்தன பேர் போடுவீங்க ஐயா?" என்றான் சுப்பையா, பொறாமையில்.

"அவனுகளுக்குச் சொன்னதச் செய்யத் தெரியும். ஒனக்கு?"

முதல் ஆட்டம் ஹல்துமுல்லைக் கிளப்போடு. அவர்கள் எல்லோரும் ஆபீஸ் கிளாக்கர்மார், சப்பாத்துப் போட்டு ஆடுகிறவர்கள். மாடசாமியும் மற்ற இருவரும் முதல் நாளே மலையிலிருந்து நடந்து இறங்கி வந்திருந்தார்கள். அரைப்பேர் கோட்டோரம் நின்றார். நின்றார் என்பது மரியாதைக்குச் சொல்வது, ஓடிக்கொண்டிருந்தார். கக்கத்தில் துணி சுற்றிய ஒரு மாட்டுக் கொம்பு. தோட்டத்தில் அவரே ஊதிக்கொண்டிருந்த கொம்பு.

"எதுக்கு ஐயா இது?"

"ஜெயிச்சதும் ஊதணும்டா. மொதலாளி காதுல விழணும்."

முதலாளி குடையோடு நேரிலேயே வந்து நின்றது அவர் கண்ணில் படவே இல்லை.

மாடசாமி நிஜமாகவே மலைதான். வந்த பந்தையெல்லாம் அணைத்துப் பிடித்தான். அவன் கூட வந்த இருவரும் கிளாக்கர்மாரை மூச்சுவிடவிடவில்லை. பின்பாதியில் சுப்பையா வலது காலை ஓங்கினான், சறுக்கினான், இடது காலில் பட்டுப் பந்து உள்ளே போய்விட்டது. எங்கள் சரித்திரத்தில் முதல்முறையாக நாங்கள் முன்னால் இருந்தோம். அந்த நிலைமையில் என்ன செய்வதென்று எங்களில் ஒருவனுக்கும் தெரியவில்லை.

அரைப்பேர் அதற்கப்புறம் மனுஷனாகவே இல்லை. "இன்னும் எம்புட்டு நேரம்? முடிஞ்சிருச்சா? ஏங்க, முடிஞ்சிருச்சா?" என்று கடலைக்காரனைக் கேட்டார், என்னைக் கேட்டார், எதிர்க் கட்சிக்காரனையே கேட்டார். கடைசியில் ரெஃப்ரி விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். எதற்கோ யோசித்துவிட்டு ஊதாமல் கையை இறக்கினார். அதற்குள் அரைப்பேர் கொம்பை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து ஊதிவிட்டார்.

அந்தத் தோட்டத்தில் சாயங்காலம் அந்தக் கொம்பு கேட்டால் வேலை விட்டாச்சு என்று அர்த்தம். விபரம் தெரிந்த நாளிலிருந்து மாடசாமிக்கு அதே கொம்புதான். மனிதன் நிமிர்ந்தான். கையிலிருந்த பந்தைப் பொறுப்பாகக் கீழே வைத்தான். வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டான். மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள். அதில் ஒருவன் குனிந்து, இல்லாத மண்வெட்டியை இரண்டு பக்கமும் தேடினான்.

"டேய், எங்கடா போற?" என்று அலறினேன்.

"வேலை விட்டாச்சுங்களே!"

ஹல்துமுல்லைக்காரன் ஒருவன் கொஞ்ச நேரம் வாயைப் பிளந்து நின்றான். பிறகு பந்தை மெதுவாகக் காலி கோலுக்குள் தள்ளினான். தடுக்க ஓடியவன் நான் ஒருவன்தான். வழக்கம்போல் என் கால் படவில்லை. உடனே ரெஃப்ரி விசில் ஊதி ஆட்டத்தை முடித்தார். ஆளுக்கொரு கோல். முதலாளி குடையை மடக்கி, "நாளைக்கு வெள்ளனக் கடைக்கு வந்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்களுக்கு வந்த ஆத்திரம் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. அரைப்பேரின் முகத்தைப் பார்த்தபிறகு எங்கே திட்டுவது? மனிதர் அசையாமல் தராசுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அரிசியில் கல் என்று சண்டைக்கு வந்தவனுக்குக்கூடப் பதில் சொல்லவில்லை. பஜாரில் யாரையும் அவர் திட்டவில்லை. பஜாரே செத்த வீடு மாதிரி ஆகிவிட்டது. இப்போது எங்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் கிட்டங்கிக்குப் போய், "ஐயா, நாங்க எப்பிடி? ஏதாச்சும் சொல்லுங்க" என்று கேட்டேன்.

"கிளப்பே இல்லியேப்பா," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "நானே ஊதிக் கெடுத்துட்டேன்."

அடுத்த ஞாயிறு, கடை திறப்பதற்கு முந்திய விடியலில், கிட்டங்கி வாசலில் டீம் முழுவதும் போய் வரிசையாக நின்றோம், தோட்டத்தில் காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நிற்பதுபோல. பனி எலும்பைக் குத்தியது. சுப்பையா கதவைத் தட்டினான். கிட்டங்கியிலேயே படுத்திருந்த அரைப்பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்து வரிசையை ஒரு ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் மாடசாமியும் மற்ற இருவரும்.

"நீங்க எங்கடா இங்க? ஆட்டந்தான் இல்லியே. யாரு வரச் சொன்னா?"

"யாருஞ் சொல்லலீங்க ஐயா. நாங்களாத்தான் எறங்கி வந்தோம்."

அவர் கம்பளி நுனியால் முகத்தை அழுத்தித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ ஏன்டா கொக்கு மாதிரி ஒத்தக் கால்ல நிக்கிற? நேரா நின்னாத்தானடா நேரா ஓடுவ!" என்று கத்திக்கொண்டே மைதானத்தைப் பார்த்து நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

போட்டியிலிருந்து எங்களை எடுத்துவிட்டார்கள். லீவும் இல்லை, எதிர்த்து ஆட ஆளும் இல்லை. கடை திறக்குமுன் எங்களுக்குள்ளேயே உதைத்துக்கொள்வோம். எனக்குப் பந்தின்மேல் அப்படியொன்றும் பெரிய ஆசை இருந்ததில்லை. அந்த மனிதர் என்னைத் திட்டுவதைக் கேட்கத்தான், பதுளையை விட்டுப் போகும்வரை, ஞாயிறு தவறாமல் அந்தக் குளிரில் எழுந்து போய்க்கொண்டிருந்தேன்.